மீன் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு: திருவண்ணாமலை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

மீன் என்றால் சாத்தனூர் அணைப் பக்கம் சுடச்சுடப் பொரித்துத் தருவது என்றிருந்த ஊரில், இப்போது கூடத்துக்குக் கூடம் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. தொட்டிக்கும் மீனுக்கும் நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், விளக்கு விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எதை மாட்டிக் கொடுக்கிறாரோ அதையே எடுத்து வந்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்ததும், பழி போர் தண்ணீர் மேல் விழுகிறது. பல வீடுகளில் காரணம் தொட்டிக்கு மேலே எரிகிற விளக்குதான். அதிலும் விளக்கின் பலத்தைவிட அது எரியும் நேரம்தான். நம் ஊர் வெயில், உப்புத் தண்ணீர், பௌர்ணமிக் கூட்டம் மூன்றையும் கணக்கில் வைத்துச் சில குறிப்புகள்:

1. விளக்கு வாங்குமுன் தொட்டியில் செடி இருக்கப்போகிறதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மீனுக்கு வெளிச்சம் உணவல்ல. பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் அதற்குப் போதும். செடிக்கோ வெளிச்சம்தான் சாப்பாடு. கோல்டு ஃபிஷ், ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் வளர்ப்பதாக இருந்தால் செடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கோல்டு ஃபிஷ் கொறித்தே தீர்த்துவிடும், மற்ற இரண்டும் வேரோடு பிடுங்கி மிதக்க விடும். அப்படிப்பட்ட தொட்டிக்குச் ‘செடித் தொட்டி ஸ்பெஷல்’ என்று இரண்டு மடங்கு விலை சொல்லும் விளக்கு வீண் செலவு. 2 அடித் தொட்டிக்கு 5 வாட் விளக்கே மீனைப் பார்க்கத் தாராளம்.

2. வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்ற கணக்கு மட்டுமே. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதற்கு அட்டைப்பெட்டியில் லூமன் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும். லூமன் எண்ணே போடாத பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

3. உங்கள் தொட்டிக்கு எவ்வளவு லூமன் வேண்டும் என்பதற்கு ஒரு வீட்டுக் கணக்கு இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி போக 50 என்று வைத்துக்கொள்ளலாம். நிழலிலும் தாங்கும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன், நடுத்தரச் செடிகளுக்கு 20 முதல் 40. ஆக, இந்த 50 லிட்டர் தொட்டிக்கு 500 முதல் 1,000 லூமன். 9 அல்லது 10 வாட் விளக்கிலேயே வேலை முடிந்துவிடுகிறது. தரையோடு புல்வெளி மாதிரிப் படரும் செடிகளுக்கு 40 லூமனுக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உரமும் கூடவே வேண்டும். அவை இல்லாமல் விளக்கை மட்டும் கூட்டினால் செடி வளராது, பாசிதான் வளரும்.

இந்தக் கணக்கு ஓரளவுக்குத்தான் சரி. தொட்டி உயரமாக இருந்தால் அடிமட்டத்துக்குப் போவதற்குள் வெளிச்சம் சிதறிவிடும். 1½ அடிக்கு மேல் உயரம் என்றால் மேல் வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண் சொல்லும். நன்னீர்த் தொட்டிக்கு 6,500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கில் தெளிந்த தண்ணீரும் கலங்கினாற்போலத் தெரியும். 10,000-க்கு மேல் போனால் நீலம் தூக்கும்; அது பவளம் வைக்கும் கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் சமாச்சாரம். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது உண்மையில் நீல விளக்குதான். அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மாற்றி வெள்ளையாக்குகிறது. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மலிவு விளக்கில் பூச்சின் தரம் குறைவு; அதில் சிவப்பு செத்துப்போய் மீன் வெளிறித் தெரியும். சி.ஆர்.ஐ. என்ற எண் 80-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். 90 இருந்தால் சிவப்பு மீன் சிவப்பாகவே தெரியும்.

5. “அண்ணா, இந்த பிங்க் லைட்டைப் போடுங்க, மீனு சும்மா தகதகன்னு இருக்கும்” என்று கடையில் சொன்னால், சொன்னது பொய்யல்ல. இளஞ்சிவப்பு, ஊதா விளக்கில் சுமாரான கோல்டு ஃபிஷ்கூடக் குங்குமம் பூசினாற்போல ஜொலிக்கும். அதனால்தான் விற்கும் தொட்டிகளுக்கு மேலேயும் அதையே மாட்டுகிறார்கள். மீன் வாங்கும்போது பாக்கெட்டில் போட்டபின் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். உடம்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி, ஒட்டிப்போன துடுப்பு, மங்கிய கண் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

செடிக்கு இந்த நிறங்கள் ஆகாது என்றில்லை. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும்தான் அதிகம் உறிஞ்சுகிறது. ஆனால் அவ்விரண்டு நிறம் மட்டும் எரிந்தால் செடி நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். வெள்ளையோடு கொஞ்சம் சிவப்பும் நீலமும் கலந்த விளக்குதான் செடிக்கும் கண்ணுக்கும் பொருந்தும். ரிமோட்டில் 16 நிறம் மாறுவதெல்லாம் வீட்டுக்கு வந்த குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட உதவும்.

6. தொட்டி விளக்கு என்று பெயர் போட்ட விளக்குதான் வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வாங்கும் 2 அடி எல்.இ.டி. பேட்டன், 10 வாட், 6,500 கெல்வின், சாதாரண எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். கண்ணாடி மூடிக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டினால் 2 அடித் தொட்டிக்கு ஜோராக வேலை செய்யும். 4 அடித் தொட்டிக்கு 20 வாட் பேட்டன். செடித் தொட்டி வைப்பவர்கள் பலர் ஃபிளட் லைட்டைத் தொட்டிக்கு மேலே ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுகிறார்கள். காசும் மிச்சம், வெளிச்சமும் ஆழத்துக்குப் போகும். ஆனால் வீட்டு பேட்டனுக்கு நீர்க் காப்பு கிடையாது. மூடி இல்லாத தொட்டிக்கு நேர் மேலே, கைக்கெட்டும் தாழ்வில் அதை வைக்கவே வேண்டாம்.

7. பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீருக்கு அருகே இருக்கும் விளக்கில் ஐ.பி. எண் பாருங்கள். 65 என்றால் நீர்த் தெறிப்பைத் தாங்கும். 67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் விழுந்து கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. தண்ணீருக்குள்ளேயே வைக்கும் விளக்குக்கு 68. 230 வோல்ட் நேராகத் தொட்டி மேல் வரும் விளக்கைவிட, சுவரோரம் அடாப்டர் வைத்து 12 அல்லது 24 வோல்ட் வரும் விளக்கு நல்லது. ஒயர் பிளக் பாயின்ட்டுக்கு நேராகப் போகாமல், அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறிப் போகட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டியில் கை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வயரிங்கில் நியூட்ரலும் ஃபேஸும் இடம் மாறியிருக்கும் வீடுகள் மாட வீதிப் பக்கம் குறைவில்லை. மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், தொட்டி வாங்குவதற்கு முன் அதைப் போடச் சொல்லுங்கள்.

8. நீளம்: தொட்டியின் நீளத்தைவிட 2 முதல் 4 அங்குலம் குறைவான விளக்கு போதும். ஓரங்களில் கொஞ்சம் நிழல் இருப்பது கூச்ச சுபாவ மீன்களுக்கு நல்லதுதான்.

9. இனி முக்கியமான விஷயம், நேரம். புதுத் தொட்டிக்கு முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம். செடி வேர்பிடித்தபின் 8 மணி நேரம். அதற்கு மேல் எரியும் ஒவ்வொரு மணி நேரமும் பாசிக்குப் போடும் தீனி. பலம் குறைந்த விளக்கை 14 மணி நேரம் எரியவிட்டுச் சரிக்கட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் செடி சோர்ந்து நிற்கும், பாசி மட்டும் செழிக்கும். எந்த நேரத்தில் எரிய வேண்டும் என்பது உங்கள் சௌகரியம். பகலில் ஆள் இல்லாத வீட்டில் காலையில் போட்டு யார் பார்க்கப்போகிறார்கள்? பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை வைத்தால் குடும்பமே உட்கார்ந்து பார்க்கலாம்.

10. சுவிட்ச் போடும் பொறுப்பை மனிதரிடம் விடாதீர்கள், டைமரிடம் விடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: சக்கரம் சுற்றும் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், 2 மணி நேரம் கட் என்றால் மறுநாளிலிருந்து விளக்கும் 2 மணி நேரம் தள்ளி எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கிரிவலப் பாதைப் பக்கம் வீடுள்ளவர்களுக்கு டைமர் இரட்டிப்பு அவசியம். பௌர்ணமி என்றால் வெளியூர்ச் சொந்தம் வந்திறங்கும். 14 கிலோமீட்டர் சுற்றி முடித்து ஒவ்வொரு குழுவாக நடுராத்திரி, 2 மணி, 4 மணி என்று வந்து காலை நீட்டும். கூடத்தில் தொட்டி விளக்கு விடிவிளக்காகிவிடும். அணைக்கப் போனால், “இருங்க அத்தே, பசங்க மீன் பாத்துனு இருக்குதுங்க” என்பார்கள். மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூடித் தூங்க முடியாது. இருட்டுதான் அதற்கு ஓய்வு. விடிய விடிய வெளிச்சத்தில் இருந்த மீன் மறுநாள் மூலையில் ஒதுங்கும், தீனி எடுக்காது. டைமர் தானாக அணைத்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. தீபத் திருவிழா நாட்களுக்கும் இதேதான்.

11. ‘மூன் லைட்’ என்று நீல விளக்கும் சேர்த்து விற்கிறார்கள். பௌர்ணமிக்கே பேர்போன ஊரில் தொட்டிக்குள் தனியாக ஒரு நிலா எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆசைக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வேண்டாம்.

12. ஜன்னல் வெயில் விழும் இடத்தில் தொட்டி வேண்டாம். எந்த எல்.இ.டி.யும் நேர் வெயிலுக்குப் பக்கத்தில் வர முடியாது. காலையில் ஒரு மணி நேரம் வெயில் விழுந்தாலே உங்கள் டைமர் கணக்கெல்லாம் தப்பிவிடும், தண்ணீர் பச்சைப் பாயசமாகும். வேறு இடமே இல்லையென்றால் வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள்.

13. நம் ஊர்ப் பக்கம் அடியில் எல்லாம் கருங்கல் பாறை. போர் தண்ணீர் பல தெருக்களில் கடினத் தண்ணீர். காற்று மோட்டார் குமிழி தெறித்து, அந்தத் துளிகள் காய்ந்து மூடிக் கண்ணாடியின் அடியிலும் விளக்கின் மேலும் வெள்ளையாக உப்பு படியும். முதலில் பொடியாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும். விட்டுவிட்டால் கெட்டித் தகடாகி, பிளேடு போட்டாலும் நகராது. அந்தத் தகடு வெளிச்சத்தை நன்றாகவே மறைக்கும். ‘விளக்கு டல்லாயிடுச்சு’ என்று புதிது வாங்கப் போகுமுன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வாரம் ஒருமுறை விளக்கைப் பிளக்கிலிருந்து எடுத்து, ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறோ வெள்ளை வினிகரோ நனைத்த துணியை உப்பின் மேல் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். நுரைத்துக் கரையும். நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். சபீனா, ஸ்க்ரப்பர் வேண்டாம். விளக்கின் பிளாஸ்டிக் முகம் கீறிப்போனால் கீறினதுதான்.

ஆவியான அளவுக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீர் கூடவே கூடாது, அதில்தான் உப்பு அதிகம்.

14. கடினத் தண்ணீரிலும் சிறிய விளக்கிலும் பிழைக்கும் செடிகள் உண்டு. ரிப்பன் போல் நீளும் வல்லிஸ்நேரியா, தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டையே கரிச்சத்தாக எடுத்துக்கொள்ளும். நம் தண்ணீர் அதற்கு வரம். நம் ஏரி குளத்தில் தானாக வளரும் வேலம்பாசியும் அப்படியே. ஏரியிலிருந்து பறித்து வந்தால் நன்றாக அலசி, ஒரு வாரம் தனி பக்கெட்டில் வைத்துப் பாருங்கள். தும்பிப் புழு வந்துவிட்டால் கப்பிக் குஞ்சுகள் ஒன்றும் மிஞ்சாது. அனூபியஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் நிழல் விரும்பிகள். அவற்றை மண்ணில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூல் கட்டி வையுங்கள். விளக்குக்கு நேர் கீழே வைத்தால் அவற்றின் இலை மேல் பாசி ஏறும். மோலி, கப்பி, பிளாட்டி கடினத் தண்ணீரை விரும்பும். நியான் டெட்ரா அமேசான் நிழலாற்று மீன். மென்மையான தண்ணீரும் மங்கிய வெளிச்சமும் பழகியது. அதற்குத் தொட்டியின் ஒரு பாதியில் ஆகாயத்தாமரை மிதக்கவிட்டால் விளக்கின் கடும் வெளிச்சம் தணியும்.

15. எல்.இ.டி. சூடாகாது என்பது பாதி உண்மை. முன்பக்கம் சூடு குறைவு, முதுகில் கை வைத்தால் தெரியும். பங்குனி முதல் அக்னி நட்சத்திரம் முடியும்வரை, பெட்டி மாதிரி அடைத்த மூடிக்குள் விளக்கு எரிந்தால் சூடு வெளியேற வழியில்லை. விளக்கின் ஆயுளும் குறையும், தண்ணீரும் சுடும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 தான். சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறபோது தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது. விளக்கு அணைந்தபின் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், கோடையில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கும். கோடையில் மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணி கட்டுங்கள் (நீர்க் காப்பு இல்லாத வீட்டு பேட்டன் மாட்டியிருந்தால் மூடியை எடுக்க வேண்டாம்). விளக்கை நாலு அங்குலம் உயர்த்துங்கள். மாலை 4 முதல் 10 வரை என்று 6 மணி நேரமாகக் குறையுங்கள். காற்று மோட்டாரை இரவில் அணைக்காதீர்கள்.

16. கரண்ட் போனால் விளக்கு எரியாததால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. இன்வெர்ட்டர் இணைப்பு காற்று மோட்டாருக்கு மட்டும் போதும்.

17. மின் கட்டணம் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 18 வாட் விளக்கு நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் இரு மாத ரீடிங்கில் 9 யூனிட்டுக்குள் அடங்கும்.

18. பாசி எந்த நிறம் என்று பார்த்து மருந்து சொல்லுங்கள். புதுத் தொட்டியில் பழுப்பாகப் படிவது டயாட்டம். துடைத்தால் போய்விடும், சில வாரத்தில் தானே நிற்கும், விளக்கை மாற்ற வேண்டியதில்லை. தண்ணீரே பச்சையாகிவிட்டால் தொட்டியைப் போர்வையால் மூடி 3 நாள் இருட்டில் வையுங்கள், காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும், தீனி வேண்டாம். பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, விளக்கை 5 மணி நேரத்தில் தொடங்குங்கள். கண்ணாடியில் பச்சைப் புள்ளி வந்தால் நேரத்தை ஒரு மணி குறைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்; ஒரு மாற்றம் செய்து இரண்டு வாரம் பொறுங்கள்.

19. இருட்டில் திடீரென்று தொட்டி விளக்கைப் போட்டால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும், மூடியில்லாத் தொட்டியில் வெளியே குதிக்கும். முதலில் கூடத்து விளக்கு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி விளக்கை முதலில், கூடத்து விளக்கைப் பிறகு.

20. பெட்டியில் 30,000 மணி, 50,000 மணி என்று போட்டிருக்கும். நல்ல கம்பெனி விளக்கில் அது பெரும்பாலும் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம். எல்.இ.டி. சட்டென்று ஃபியூஸ் போவதைவிட மெல்ல மங்குவதே வழக்கம். அதற்கு முன்பே அடாப்டர்தான் கையை விரிக்கும். அதனால் அடாப்டர் தனியாகக் கழற்றக்கூடிய விளக்காக வாங்குங்கள், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சென்னை போகிறவர்கள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வகைவகையாகப் பார்க்கலாம், விலையும் பேசலாம். ஆனால் விளக்கில் கோளாறு என்றால் மறுபடி அங்கே ஓட முடியாது. விலை கொஞ்சம் கூடினாலும் உள்ளூரில் வாரண்டி எழுதிக் கொடுக்கும் கடையே மேல். வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரை பாருங்கள். கடையிலேயே விளக்கைப் போடச் சொல்லி, செல்போன் கேமராவை அதன் முன் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அடாப்டரோ உள்ளே உள்ள டிரைவரோ மட்டம். பத்து நிமிடம் எரியவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வேறு கேளுங்கள். பில்லில் விளக்கின் மாடல் எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.